கலப்பை சுமந்தவர்கள்

இசைக்குழுக்களின் கதை – 9

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மாமல்லபுரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் வண்டியை நிறுத்துவதில்லை. கல்பாக்கம் போகும், முதலியார்குப்பம் படகுத்துறை போகும், இடப்பக்கம் கழியும் உப்பளமும் மாறி மாறி வரும். கடப்பாக்கத்தை ஒட்டி 'இடைக்கழிநாடு பேரூராட்சி' என்று ஒரு பெயர்ப்பலகை கண்ணில் படும். ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் மட்டும் அங்கே திரும்புவார்கள். மற்றவர்களுக்கு அது இன்னொரு ஊர்.

நான் அந்தப் பலகைக்கு முன்னால் முதன்முதலாக நின்றபோது கொஞ்சம் சிலிர்த்துத்தான் போனேன். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் பெயர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். சங்கப் புலவர்களில் பாதிப் பேருக்கு ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆராய்ச்சியாளர்களுக்கு ஆயுள் முடிந்துவிடும். இவருக்கோ ஊர்ப்பெயர் இன்றும் அப்படியே பேருந்து நிறுத்தத்தில் எழுதியிருக்கிறது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரித்து உண்டாக்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கோடி அது.

சென்ற வாரம் வரை சபா, கச்சேரி, சினிமா என்று மேடை போட்ட குழுக்களைப் பார்த்தோம். இந்த வாரம் மேடையே இல்லாத ஒரு குழு. யாரிடமும் நிரந்தரச் சம்பளம் வாங்காமல், கருவிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, மக்கள் பாட்டும் பெருங்குழு இசையும் ஒன்றாகக் கலந்து ஊர் ஊராய் வாசித்தவர்கள். இன்றைய மொழியில் சுயாதீன இசைக்குழு. அன்றைய மொழியில் பாணர். இந்தக் கடற்கரைக்கு வந்ததாக நமக்கு எழுத்தில் தெரிய வரும் முதல் இசைக்குழு அவர்களுடையதுதான்.

பாணரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்ததெல்லாம் ஒரே படம்: கிழிந்த துணி, கையில் யாழ், அரசன் வாசலில் நின்று புகழ்ந்து பாடிப் பரிசு வாங்கும் ஓர் ஏழை. அந்தப் படத்தில் ஆள் ஒருவன்தான். பாட்டுகளைப் புரட்டினால் ஒருவன் தனியாக வருவது அபூர்வம். பாணன் வருகிறான், ஆடவும் பாடவும் தெரிந்த விறலி வருகிறாள், கூத்தர் வருகிறார்கள், கிணைப்பறை அடிப்பவன் வருகிறான், வயிர் என்னும் கொம்பு ஊதும் வயிரியர் வருகிறார்கள். பிள்ளைகளும் கூடவே. புறநானூற்றில் மாங்குடி கிழார் சிறந்த குடிகள் என்று நான்கைத்தான் எண்ணுகிறார்: துடியன், பாணன், பறையன், கடம்பன். நான்கில் இரண்டு நேராகவே வாத்தியத்தின் பெயர்; பாணனையும் சேர்த்தால் மூன்று இசைக்குடிகள். வாசிப்பதைக் கொண்டு ஆளைக் கூப்பிட்ட காலம்.

ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் ஒரு குழு, எதிரே பசியோடு வரும் இன்னொரு குழுவைப் பார்த்து, 'இந்த வழியாகப் போ, இந்த ஊரில் இது கிடைக்கும், இன்னாரைப் பார், இப்படி நடத்துவார்' என்று சொல்லுகிற பாட்டு. தமிழாசிரியர்கள் இதை இலக்கிய வகை என்பார்கள். எனக்கு இது நிகழ்ச்சி பிடித்துக் கொடுக்கிறவரின் கைக்குறிப்பு மாதிரித்தான் தோன்றுகிறது. வழி, தங்குமிடம், சாப்பாடு, சுங்கச்சாவடி, காட்டு மிருகம், கடைசியில் பணம் தருகிறவரின் குணம் — எல்லாம் இருக்கிறது.

பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் ஐந்து. அதில் மூன்று இந்த வடதமிழ்நாட்டைச் சேர்ந்தவை. சிறுபாணாற்றுப்படை 269 அடி. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் வழி, மரக்காணம் என்று அடையாளம் சொல்லப்படும் எயிற்பட்டினம் வழியாகத் திண்டிவனம் பக்கத்துக் கிடங்கிலுக்கு. பெரும்பாணாற்றுப்படை 500 அடி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் வழி. மலைபடுகடாம் 583 அடி. செங்கம் பக்கத்து நன்னனிடம் கூத்தரை அனுப்புவது. மூன்றையும் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால், மாமல்லபுரம், மரக்காணம், காஞ்சி, செங்கம் என்று ஒரு சுற்று கிடைக்கும். ஒரு குழு ஒரு பருவத்தில் நடந்தே முடிக்கக்கூடிய சுற்று.

இனி அவர்கள் சுமந்த மூட்டையைப் பிரிப்போம்.

மலைபடுகடாம் தொடங்கும்போதே அதைப் பாடிய பெருங்கௌசிகனார் மூட்டையைத்தான் பிரிக்கிறார். முழவு. ஆகுளி என்னும் சிறுபறை. வெண்கலத்தை உருக்கித் தட்டிய பாண்டில், அதாவது தாளம். மயிற்பீலி கட்டிய கொம்பு. யானை பெருமூச்சு விடுவதுபோல் ஒலிக்கும் நெடிய தூம்பு; அதற்கு யானையின் மூச்சை வைத்தே பெயர், களிற்றுயிர்த்தூம்பு. பிறகு குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. பத்துக் கருவிகள். தோல், நரம்பு, துளை, உலோகம் என்று பிற்காலத்தார் வகுத்த வகைகளில் நரம்பு தவிர மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நரம்புக்கு யாழ் தனியே வருகிறது.

இத்தனையையும் எப்படிச் சுமந்தார்கள்? பைகளில் போட்டு, காவடித்தண்டின் இரண்டு பக்கமும் எடை சமமாகத் தொங்கவிட்டு. பார்ப்பதற்கு மழைக்காலத்துப் பலாமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய் தொங்குவதுபோல் இருந்ததாம். அந்தப் பைக்குப் பெயர் கலப்பை. கலம் போடும் பை. இன்று கலப்பை என்றால் ஏர் நினைவுக்கு வருகிறது. அன்று இசைக்கலைஞனின் மூட்டை. எடை சமமாக என்று சொன்னதைக் கவனியுங்கள். முழவு ஒரு பக்கம் என்றால் மறு பக்கம் எதை வைப்பது என்று தெரிந்து கட்டியவனுக்கு மட்டும்தான் மலை ஏறியும் தோள் வலிக்காது.

இவ்வளவு கருவிகளும் சேர்ந்து ஒலிப்பதற்குத் தமிழில் ஒரு பழைய சொல் உண்டு: பல்லியம். பல இயங்கள். நெடும்பல்லியத்தனார் என்றே ஒரு சங்கப் புலவருக்குப் பெயர். ஆர்கெஸ்ட்ராவுக்கு நாம் 'சேர்ந்திசை', 'பல்லிசை' என்று புதுச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். வீட்டுப் பரணில் ஒன்று தூங்குகிறது.

கருவிகள் பலவாக இருந்தால் மட்டும் அது பெருங்குழு இசை ஆகிவிடாது. யார் எப்போது நுழைவது என்ற ஒழுங்கு வேண்டும். அதற்குச் சான்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மாதவியின் அரங்கேற்றத்தில் முதலில் குழல் நிற்கிறது. குழலின் சுருதியைப் பிடித்து யாழ் வருகிறது. யாழைத் தொடர்ந்து தண்ணுமை, அதற்குப் பின் முழவு, முழவோடு கூடி ஆமந்திரிகை என்னும் இடக்கை. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கடைசியில் எல்லாம் ஒரே ஒலியாக நிற்கிறது. ஆடலுக்கு ஓர் ஆசான், இசைக்கு ஓர் ஆசான், தண்ணுமை, குழல், யாழ் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசான், அவரவர் தகுதி என்ன என்றும் இளங்கோ எழுதியிருக்கிறார். அது நகரத்து அரங்கம், பணக்காரப் புகார். நம் பாணர் தெருவில் வாசித்தவர்கள். ஆனாலும் ஒரே கருவிகள், ஒரே பண்கள். ஒழுங்கு மட்டும் வேறாக இருந்திருக்க முடியாது என்பது என் கணிப்பு.

யாழுக்கு வருவோம். பெரும்பாணாற்றுப்படையின் முதல் பத்துப் பதினைந்து அடிகள் யாழ் ஒன்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவை. நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்திராவிட்டால் இந்த யாழை நாம் பார்த்திருக்கவே மாட்டோம். அடிப்பாகமாகிய பத்தர். அதன்மேல் போர்த்திய தோல், பாதிரிப்பூவின் உட்புறத்து நிறம். மேலே வளைந்து கரிய நிறத்தில் எழும் தண்டு. அந்தத் தண்டில் வரிசையாக இறுக்கிக் கட்டிய திவவு என்னும் வார்க்கட்டுகள், இளம்பெண்ணின் முன்கையில் வளையல்கள் அடுக்கியிருப்பதுபோல். பொன்னைக் கம்பியாக இழுத்த மாதிரி முறுக்கேறிய நரம்புகள். இதைப் பாடியவர் கருவியைத் தூரத்திலிருந்து பார்த்தவர் அல்லர். மடியில் வைத்துச் சுருதி கூட்டுகிறவனின் அருகில் உட்கார்ந்து பார்த்தவர்.

பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்பது உரைகாரர் மரபு. பெரிய யாழ் வைத்திருப்பவர் பெரும்பாணர், சிறியது வைத்திருப்பவர் சிறுபாணர். இரண்டு பாட்டுக்கும் பெயர் அப்படித்தான் வந்தது; அடிகளின் எண்ணிக்கையால் அல்ல.

பெரும்பாணாற்றுப்படையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அரசனும் இல்லை, பாணனும் இல்லை. முல்லைக் காட்டில் மாடு மேய்க்கும் ஒரு பையன். தீக்கடைகோலால் மூங்கிலைச் சுட்டுத் துளை போட்டுக் குழல் செய்கிறான். பாலைப் பண் வாசிக்கிறான். அது அலுத்துப்போகிறது. உடனே உள்ளே பொந்து விழுந்த குமிழ மரக்கிளை ஒன்றை எடுக்கிறான், மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டுகிறான், வில்யாழ் தயார். அதில் குறிஞ்சிப் பண். காசு கொடுக்காமல், கடைக்குப் போகாமல், ஒரே மத்தியானத்தில் இரண்டு கருவி, இரண்டு பண். காஞ்சிக்குப் போகும் பெருங்குழு இந்தப் பையனைக் கடந்துதான் போகிறது. அவர்களுடைய பொன்நரம்பு யாழுக்கும் இவனுடைய நார்யாழுக்கும் பண்கள் பொது. நாட்டுப்பாட்டு எங்கே முடிகிறது, செவ்விசை எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுகிறவர்களை அந்த மேய்ச்சல் நிலத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

பாதை சும்மா இல்லை. கழுதைமேல் மிளகு மூட்டை ஏற்றிய வணிகர், சுங்கம் வாங்கும் பெருவழி, உப்பு ஏற்றிய உமணர் வண்டிகள். இளந்திரையன் எல்லைக்குள் வழிப்பறி கிடையாது, இடி விழாது, பாம்பு கடிக்காது, காட்டு விலங்கும் துன்பம் செய்யாது என்று புலவர் உறுதி சொல்கிறார். பாம்புக்கு அரசாணை செல்லுமா என்று கேட்காதீர்கள். பாதையைக் கண்டு பயப்படுகிற குழுவைக் கிளப்பிவிட இப்படித்தான் பேச வேண்டும்.

அப்புறம் கடல் வருகிறது. நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம். இது மாமல்லபுரமே என்பது பல அறிஞர்களின் முடிவு. காஞ்சிக்குப் போகும் வழியில் இவ்வளவு பெரிய துறை வேறு எது என்பது அவர்கள் வாதம். கடல்மல்லை என்று ஆழ்வார்கள் பாடுவதற்கும், பல்லவர் பாறையைக் குடைவதற்கும் பல நூற்றாண்டு முந்தைய மாமல்லபுரம். வெள்ளைப் பிடரிமயிர்க் குதிரைகளையும் வடநாட்டுச் சரக்குகளையும் கொண்டுவந்த நாவாய்கள் துறையில் நெருங்கி நிற்கின்றன. வானத்துக்கு முட்டுக் கொடுத்தது போன்ற உயரமான மாடம். ஏணி சார்த்தி ஏறவேண்டும். உச்சியில் இரவில் தீ எரியும். கடலில் திசை தெரியாமல் ஓடும் கப்பலை அது கூப்பிடும். பின்னாளில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இதே ஊரில் பாறைமேல் இருக்கும் ஓலக்கண்ணேஸ்வரர் கோயிலின் தலையில் ஆங்கிலேயர் விளக்கு வைத்தார்கள். பக்கத்திலேயே புதிய கலங்கரை விளக்கம் எழுந்தது. அந்தப் பாறையில் ஏறி நின்றால் இடம் ஏன் மாறவில்லை என்பது விளங்கும்.

இந்தத் துறைமுகத்தில் பாணர் குழுவுக்கு என்ன கிடைத்தது? கள் சமைக்கிறவர்கள் வீட்டில், குழிக்குள் விட்டு மாவு போட்டுக் கொழுக்கவைத்த குட்டைக்கால் ஆண்பன்றியின் இறைச்சி, கூடவே கடுமையான கள். அதாவது மாமல்லபுரத்தில் வாசித்தால் கூலி பன்றிக்கறியும் சரக்கும். இன்றைக்கு அதே கடற்கரையில் விடுதிகளில் கிடார் வாசிக்கும் பையன்களிடம் இதைச் சொன்னேன். 'எங்களுக்கும் சாப்பாடும் அதுவும்தான் சார் தராங்க, காசு அடுத்த மாசம்' என்றான் ஒருவன்.

சிறுபாணாற்றுப்படைக்கு வந்தால், எயிற்பட்டினத்தில் நுளையர் வீட்டில் சுட்ட மீனும் முதிர்ந்த தேறலும். வேலூரில் சுடச்சுடப் புளிச்சோறும் காட்டுப்பசுவின் கறியும். ஆமூரில் வெள்ளைச் சோற்றோடு நண்டு. நத்தத்தனார் தன் ஊர்க்காற்றைச் சுவாசித்து எழுதியவர். உப்பங்கழி நண்டின் ருசி அவருக்குத் தெரியும்.

இந்தச் சாப்பாட்டுப் பட்டியலைச் சிரித்துக்கொண்டே படிக்கிறவர்கள் அதே பாட்டில் இன்னோர் இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள். குழு புறப்பட்ட வீட்டைப் புலவர் காட்டுகிறார். அடுப்படியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. தாயின் மடியில் பால் இல்லை, குட்டி முட்டினால் வலி பொறுக்காமல் அது குரைக்கிறது. கூரை இற்றிருக்கிறது, சுவரைச் சிதல் அரித்திருக்கிறது, ஈரத்தில் காளான் பூத்திருக்கிறது. கிணை வாசிக்கிறவனின் மனைவி குப்பைமேட்டில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்பு இல்லை. உப்பில்லாமலே வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்தால் வெட்கம் என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உட்கார்ந்து தின்கிறாள்.

உப்பளங்களுக்கு நடுவே பிறந்த புலவர், உப்பில்லாத கீரையைப் பற்றி எழுதுகிறார். இதைவிட நான் என்ன சொல்ல?

ஆற்றுப்படையின் முடிவில் வரும் பரிசுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பாணனுக்குப் பொன் தாமரைப்பூ, விறலிக்குப் பொன்மாலை, நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய தேர் — இதெல்லாம் புரவலனை உசுப்பிவிடும் பேச்சாகவும் இருக்கலாம். பீமன் எழுதிய சமையல் நூலில் சொன்னபடி சமைத்த உணவை நல்லியக்கோடன் தானே பக்கத்தில் நின்று பரிமாறினான் என்பதும் அப்படித்தான். ஆனால் ஒரு செய்தியை நம்புகிறேன். அவன் பரிசிலை அன்றைக்கே கொடுத்து அனுப்பிவிடுவான் என்று நத்தத்தனார் எடுத்துச் சொல்கிறார். பொய் சொல்கிறவன் தொகையைப் பெரிதாகச் சொல்வான். 'அன்றைக்கே' என்று சொல்வதற்குக் காத்திருந்து நொந்த அனுபவம் வேண்டும்.

அப்படிப்பட்ட குழு என்னவானது?

பல்லவர் காலத்துக்கு வாருங்கள். அதே மாமல்லபுரம். அருச்சுனன் தபசுப் பாறையில் வானத்தில் பறக்கும் கூட்டத்துக்குள் கின்னரர் இணைகளைத் தேடிப் பாருங்கள். பாதி மனிதர், பாதி பறவை. ஆண் கையில் தந்திக் கருவி இருக்கிறது, பெண் கையில் தாளம். பாணனும் விறலியும் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் வளைந்த தண்டுள்ள நம் யாழ் அங்கே இல்லை. கருவி மாறிக்கொண்டிருந்த காலம் அது. கடற்கரைக் கோயிலைக் கட்டிய இராசசிம்ம பல்லவன், காஞ்சி கைலாசநாதர் கோயிலில் தன் பட்டப்பெயர்களை வரிசை வரிசையாகப் பொறித்துவைத்தான். அவற்றில் வாத்திய வித்யாதரன் ஒன்று, வீணா நாரதன் ஒன்று. ஐந்நூறு ஆண்டுக்கு முன் இதே நாட்டில் அரசன் வாசல்வரை யாழைச் சுமந்து வந்தவன் பாணன். இப்போது அரசனே வீணைக்காரன்.

பக்தி இயக்கம் பாணரைக் கைவிட்டது என்று சொல்ல மாட்டேன். திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பதிகங்களை யாழில் வாசித்தவர் எருக்கத்தம்புலியூர்த் திருநீலகண்ட யாழ்ப்பாணர். மனைவி மதங்கசூளாமணியும் கூடவே பாடினார். அதுவும் பாதையில் நடந்த குழுதான். ஆனால் தருமபுரத்தில் ஒரு சம்பவம். இவர் வாசிப்பால்தான் பதிகத்துக்குப் புகழ் என்று பாணரின் உறவினர் பேச, சம்பந்தர் யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடினார். பாணர் வாசித்துப் பார்த்தார், முடியவில்லை, யாழையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்தார். அந்தப் பண்ணுக்கு யாழ்முரி என்றே பெயர். குன்றத்தூர்ச் சேக்கிழார் இதைச் சிவன் அருளாகச் சொல்வார். இசை தெரிந்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்: யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம், நரம்பை அழுத்தி இழுத்துச் சுரத்தை அசைக்க இடமில்லை. கமகம் கேட்கும் பாட்டு வந்ததும் அந்தக் கருவி தோற்றது. வீணையில் மெட்டு இருக்கிறது, அசைக்கலாம். நான் இந்த இரண்டாம் கட்சி.

கருவி தோற்றது ஒரு பக்கம். பாதை அடைபட்டது இன்னொரு பக்கம், எனக்கு அதுதான் பெரிய காரணமாகப் படுகிறது. கோயில்கள் பெரிதானபோது இசைக்காரர் ஊர் சுற்ற வேண்டியதில்லை. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரியகோயிலில் திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என்று 50 பேரை நியமித்து, ஆளுக்குத் தினம் மூன்று குறுணி நெல் என்று கல்லில் வெட்டிவைத்தான். உப்பில்லாக் கீரை தின்ற குடும்பத்துக்கு மூன்று குறுணி நெல் என்ன என்று யோசித்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சம்பளம் வந்தது; சுற்று நின்றது. பன்றிக்கறி தின்று, கள் குடித்து, எந்த வாசலிலும் வாசிக்கும் குழுவுக்குக் கோயிலுக்குள் இடமும் இல்லை. பாணர் குடியில் பிறந்த திருப்பாணாழ்வார் அரங்கத்துக்குள் போக முடியாமல் காவிரிக் கரையில் நின்று பாடினார். ஓர் அர்ச்சக முனிவர் தோளில் சுமந்துகொண்டு போன பிறகுதான் உள்ளே பார்த்தார் என்கிறது குருபரம்பரைக் கதை. கருவியைச் சுமந்தவனைக் கடைசியில் இன்னொருவர் சுமக்க வேண்டியிருந்தது.

தேவாரப் பண்கள் மறந்துபோனபோது அவற்றை மீட்டுச் சொன்னதும் பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. அதோடு யாழ் நம் காதிலிருந்து போய்விட்டது. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல ஆண்டு கணக்குப் போட்டு அதன் சுரங்களைத் தேடி 'யாழ் நூல்' எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் தேதி அவர் காலமானார்.

நடந்து வாசிக்கும் குழு இந்த மண்ணில் அறவே இல்லாமல் போய்விடவில்லை. பங்குனி பிறந்தால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து தொடங்கும். செய்யூர்ப் பக்கம் ஒரு கூத்துக்குப் போயிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு மேளக்காரர்கள் இரண்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து இறங்கினார்கள். முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஆர்மோனியப் பெட்டி, பின்னால் கயிற்றில் மத்தளமும் டோலக்கும், எடை பார்த்துக் கட்டியது. முகவீணைக்காரர் சட்டைப் பையிலிருந்து சீவாளியை எடுத்து வாயில் அதக்கிக்கொண்டே பந்தல்காரரிடம் டீ கேட்டார். பிறகு முகவீணை சுருதி பிடித்தது, அதன்மேல் ஆர்மோனியம், அப்புறம் மத்தளம், தாளம். கட்டியங்காரன் வருவதற்கு முன் அந்த மேளம் மட்டும் வெகுநேரம். ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டியை அவர்கள் முகவீணைக்கு அடக்கிவைத்திருந்த விதத்தைக் கேட்கவேண்டும். காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இந்தக் கலைக்காகப் பிள்ளைகளுக்குக் குருகுலமே நடத்தியது. அதன் பெ. ராஜகோபால், டி.எம்.கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோர் சேர்ந்து கர்நாடக இசையையும் கூத்தையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். அந்தக் கதை தனி அத்தியாயம்.

யாழும் திரும்பி வந்திருக்கிறது. சென்னையில் கருவிகள் செய்யும் தருண் சேகர் என்ற இளைஞர் பழைய நூல்களில் உள்ள குறிப்புகளைப் படித்து யாழ் செய்தார். நண்பர்களோடு சேர்ந்து அதை வாசிக்க ஒரு குழுவும் அமைத்தார். 2021இல் 'அழகி' என்ற பாடல் அந்த யாழோடு வெளியானது. எந்தச் சினிமாவுக்கும் எழுதியதல்ல, சொந்தப் பாட்டு. குழுவின் பெயர் உரு பாணர்.

அடுத்த முறை புதுச்சேரிக்குப் போகும்போது கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்குங்கள். பலகை இடப்பக்கம் இருக்கும்.

(தொடரும்)